கதை என்றால் பொய்யா?
(சிறுகதையின் உறுப்புகளும் உத்திகளும் பற்றி ஒரு பாடம்)



ஆண்டு மலருக்குக் கதை எழுதித் தாருங்கள் என்று வகுப்புதோறும் சொல்லிவிட்டு வந்தோம். இரண்டே வாரத்தில் மேசை நிறைந்துவிட்டது. மகிழ்ச்சியோடு படிக்க உட்கார்ந்தோம். படித்து முடித்தபோது மகிழ்ச்சியோடு ஒரு சிறு கவலையும் சேர்ந்துகொண்டது.

ஒரு கதையில் சென்னையில் ஒரு பெரிய பங்களா. இன்னொரு கதையில் கார் விபத்து. அடிபட்டவரைக் காப்பாற்றும் டாக்டர் அவருடைய காணாமற்போன தம்பியாக இருக்கிறார். மூன்றாவதில் ஏழைப் பெண்ணுக்குத் திடீரென்று பெருஞ்செல்வம் வருகிறது. கடைசி வரியில் அவள் கண் விழிக்கிறாள், அத்தனையும் கனவு! இவற்றை எழுதியவர்கள் யார்? காட்டுப்பள்ளியிலிருந்தும் பழவேற்காட்டு ஏரியைச் சுற்றிய குப்பங்களிலிருந்தும் நம் பள்ளிக்கு வரும் பிள்ளைகள். அப்பா வலை இழுப்பதையும், அம்மா மீன் கூடையோடு பேருந்துக்கு ஓடுவதையும் அன்றாடம் பார்ப்பவர்கள். ஆனால் ஒரு கதையிலாவது வலை இல்லை, படகு இல்லை, உப்புக் காற்று இல்லை.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் தன் கதையைத் தரவில்லை. நான்காக மடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி நின்றாள். "டீச்சர், எங்க பக்கத்து வீட்டுல நடந்தத எழுதியிருக்கேன். அப்படியே போட்டா அந்த அக்கா மனசு நோகும். மாத்தி எழுதினா பொய் ஆயிடும். பொய் சொல்றது பாவம் இல்லையா?" என்று கேட்டாள்.

எங்களால் உடனே விடை சொல்ல முடியவில்லை. கதையின் உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டால் அந்த விடையும் தானே கிடைக்கும் என்று தோன்றியது. ஆகவே இந்தக் கட்டுரை எல்லா மாணவியருக்கும் பாடமாகவும், அந்த ஒரு மாணவிக்கு விடையாகவும் எழுதப்படுகிறது.

கதையும் பொய்யும்

"கதை விடாதே", "கதை அளக்காதே" என்று வீட்டில் திட்டு வாங்காதவர் நம்மில் யார்? கதை என்ற சொல்லுக்கே பொய் என்ற பொருள் ஒட்டிக்கொண்டுவிட்டது. கதைப் புத்தகம் படித்தால் பெண் கெட்டுப்போவாள் என்று கவலைப்படும் பெற்றோரும் இருக்கிறார்கள்.

பொய் சொல்பவன் தன் லாபத்துக்காக நம்மை நம்பவைக்கப் பார்க்கிறான். அது பொய் என்று தெரிந்துவிட்டால் அவன் வேலை கெட்டுவிடும். கதை சொல்லும் ஆயாவோ "ஒரு ஊர்ல ஒரு ராஜா" என்று தொடங்கும்போதே, இது கதைதான் என்று நமக்குச் சொல்லிவிடுகிறாள். அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. தொல்காப்பியமும் உரைநடையின் வகைகளைச் சொல்லும்போது, நடவாததைப் புனைந்து கூறும் மொழியையும், பொருளோடு கூடிய நகைச்சுவை மொழியையும் அவற்றுள் சேர்த்து எண்ணுகிறது. புனைந்து சொல்வது நம் முன்னோர் இலக்கணத்தில் இடம் பெற்ற ஒரு கலை.

வேதாகமத்தைப் பார்ப்போம். தாவீது அரசர் தம் போர்வீரன் உரியாவுக்குப் பெருந்தீங்கு செய்தார். அவன் மனைவியைக் கவர்ந்து, அவனைப் போர்முனையில் சாகவிட்டார். இதை அரசர் முகத்துக்கு நேரே யாரால் சொல்ல முடியும்? இறைவாக்கினர் நாத்தான் ஒரு கதை சொன்னார். ஆடுமாடுகள் ஏராளமாக உள்ள ஒரு செல்வன், தன் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் சமைக்க, ஏழை ஒருவன் பிள்ளைபோல் வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிக்கொண்டான் என்பதே அக்கதை. கேட்ட தாவீது கொதித்தெழுந்து தீர்ப்புச் சொன்னார். அந்தச் செல்வன் வேறு யாருமல்ல, அரசரே என்று நாத்தான் அப்போது காட்டினார் (சாமுவேல் இரண்டாம் நூல், 12ஆம் அதிகாரம்). அந்த ஆடும் இல்லை, அந்த ஏழையும் இல்லை. ஆனால் அந்தக் கதையைவிடப் பெரிய உண்மையை அன்று அந்த அரண்மனையில் எவரும் சொல்லவில்லை. நம் ஆண்டவரும் மக்களுக்குப் போதித்தபோது உவமைக் கதைகளையே பெரிதும் கையாண்டார்.

ஆகவே கதையில் நிகழ்ச்சி கற்பனையாக இருக்கலாம். அது காட்டும் மனித மனம் கற்பனையாக இருத்தலாகாது. இந்த ஒரு விதியை நெஞ்சில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

ஒரு சிறு நிகழ்ச்சி

பாடம் எளிதாக விளங்க ஒரு நிகழ்ச்சியை நாமே கற்பனை செய்துகொள்வோம்.

காட்டுப்பள்ளிப் பக்கத்தில் ஒரு குப்பம். அதிகாலையில் ஏரிக்குப் போன அப்பா, பொழுது சாய்ந்தும் திரும்பவில்லை. இருட்டிய பிறகு வெறுங்கையோடு கரை சேர்ந்தார்.

அவ்வளவுதான். இதில் கொலை இல்லை, கார் விபத்து இல்லை. இதை வைத்துக்கொண்டு கதை எழுத முடியுமா? முடியும். புதுமைப்பித்தன் (1906–1948) எழுதிய "ஒருநாள் கழிந்தது" என்ற புகழ்பெற்ற சிறுகதையில், வறுமையில் உழலும் எழுத்தாளர் முருகதாசரின் ஒரே ஒரு நாள்தான் கதை. நிகழ்ச்சியின் அளவு கதையின் அளவு ஆகாது.

1. கதைப்பின்னல்

அப்பா காலையில் போனார். பிறகு மாலை ஆயிற்று. பிறகு இரவு வந்தார். இப்படி "பிறகு, பிறகு" என்று அடுக்கினால் அது நாட்குறிப்பு. "ஏன்?" என்ற கேள்வி நுழைந்த உடனே அது பின்னல் ஆகிறது. ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் வெளியிட்ட தம் நூலில் இந்த வேறுபாட்டை விளக்கினார். காலவரிசை மட்டும் இருந்தால் அது வெறும் கதை, காரணமும் சேர்ந்தால்தான் கதைப்பின்னல் என்றார்.

நாமும் காரணம் தேடுவோம். பழவேற்காட்டு ஏரியில் "பாடு" என்ற முறை வழிவழியாக உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஏரியில் நல்ல மீன்பாடுள்ள இடங்களை ஆளுக்கு ஒரு நாள் என்று முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். அன்று நம் கதையில் வரும் அப்பாவின் முறை. வலை வைக்கப் போகும் வழியில், முகத்துவாரத்து மணல்திட்டில் வேறொருவரின் படகு தட்டிச் சாய்ந்துகிடக்கிறது. அந்த ஆளுக்கும் காலில் அடி. அவரைக் காப்பாற்றுவதற்குள் பொழுது போய்விட்டது, முறையும் போய்விட்டது. இப்போது "ஏன் தாமதம்?", "ஏன் வெறுங்கை?" என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒரே விடை கிடைத்துவிட்டது. பின்னல் என்பது இதுதான். வலையில் ஒரு கண்ணி அறுந்தால் மீன் போய்விடுவதுபோல, காரணம் ஓரிடத்தில் அறுந்தால் வாசகர் நம்பிக்கை போய்விடும். "கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே போயிற்று?" என்பது பழமொழி. டாக்டர் திடீரென்று தம்பியாகிவிடும் கதைகளில் வடிவது இந்தக் கேழ்வரகு நெய்தான்!

2. சிக்கல்

நல்லவர் ஒருவர் உதவி செய்தார் என்பது செய்தி. அதைக் கதையாக்குவது சிக்கல். இருவர் மோதிக்கொள்வது வெளிச்சிக்கல். ஒருவர் மனத்துக்குள்ளேயே இரண்டு எண்ணங்கள் மோதுவது உட்சிக்கல். இரண்டாவதே ஆழமானது.

நம் கதைக்குச் சிக்கல் தருவோம். மாட்டிக்கொண்ட படகுக்காரர் வேற்றாள் அல்லர். போன மாதம் வலை அறுந்த தகராறில் அப்பாவைச் சந்தியில் வைத்துத் திட்டியவர். இது வெளிச்சிக்கல். வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் இருக்கிறாள். அன்று அவளுக்குப் பரீட்சை. ஆனால் தம்பிக்குக் காய்ச்சல். அம்மாவோ முறை நாளின் மீனை விற்கக் கரையில் காத்திருக்க வேண்டும். "இன்னிக்கு ஒரு நாள் நீ வீட்ல இரு" என்று சொல்லிவிட்டார்கள். பாட்டுக்காகப் பரீட்சையை விட்டவள் அவள். அந்தப் பாட்டையே அப்பா திட்டியவனுக்காக விட்டுவிட்டு வந்து நிற்கிறார். அவளுக்கு அப்பாமேல் பெருமை வருமா, கோபம் வருமா? இரண்டும் வரும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம் கதை இருக்கிறது.

3. பாத்திரங்கள்

"அவர் மிகவும் நல்லவர்" என்று எழுதினால் வாசகர் நம்பமாட்டார். தன்னைத் திட்டியவனின் படகை நோக்கி ஒருவர் துடுப்பைத் திருப்பினால், நல்லவர் என்ற சொல்லே வேண்டாம். செயலால் காட்டுவதே பாத்திரப் படைப்பு. திருப்புமுன் அவர் ஒரு கணம் தயங்கினார் என்று எழுதிப் பாருங்கள். தயங்கிய மனிதரைத்தான் நாம் நம்புகிறோம். தயங்காதவர் சுரூபம்போல் நின்றுவிடுவார்.

கெட்டவரும் முழுக்கக் கெட்டவராக இருத்தலாகாது. வண்ணநிலவன் எழுதி 1977இல் வந்த "கடல்புரத்தில்" நாவல், தென்கோடிக் கடற்கரையின் கத்தோலிக்க மீனவர் வாழ்வைச் சொல்வது. அதில் வல்லத்தையும் வீட்டையும் விட மனம் வராத தந்தை குரூஸ் மிக்கேல். அவற்றை விற்றுவிட்டுத் தன்னோடு வரச் சொல்லும் மகன் செபஸ்தி. இருவரிடமும் நியாயம் இருக்கிறது. வாசகர் ஒரு பக்கம் சாய முடியாமல் தவிக்கும்போது பாத்திரங்கள் உயிர்பெறுகின்றன.

4. களம்

கதை நடக்கும் இடமும் காலமும் களம். இதை மேல்நாட்டாரிடம் கற்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. தொல்காப்பியம் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்றாகப் பிரித்துக் காட்டிவிட்டது. நிலமும் பொழுதும் முதல்; அந்நிலத்தின் மக்கள், பறவை, மரம், தொழில் முதலியன கரு; அங்கே பிறக்கும் உணர்ச்சி உரி. கடல் சார்ந்த நிலம் நெய்தல். அதன் சிறுபொழுது, சூரியன் சாயும் எற்பாடு. அதன் உரிப்பொருள் இரங்கல், அதாவது போனவர் வராமல் காத்திருந்து வருந்துதல். மாலையில் கரையில் நின்று படகை எதிர்பார்க்கும் அம்மாவை நாம் இன்று கற்பனை செய்தோம். அவள் நிற்கும் இடமும் பொழுதும் துயரமும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழில் இலக்கணமாகிவிட்டன.

களத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் தவறவிடுவது இதைத்தான். "அழகிய கடற்கரை, அலைகள் தவழ்ந்தன" என்ற வரியை எந்த ஊர்க் கடற்கரைக்கும் ஒட்டிவிடலாம். காட்டுப்பள்ளிக்கு மட்டும் உரியவை எவை? கிழக்கே கடல், மேற்கே கழியும் பக்கிங்காம் கால்வாயும், வடக்கே ஏரி என்று நீருக்கு நடுவே கிடக்கும் மணல்நிலம். இரவில் தெரியும் துறைமுக விளக்குகள். மணல் மேடிட்டு அடைபடும் முகத்துவாரம். அது அடைபட்டால் கடல்நீர் வராமல் ஏரியின் இறாலும் குறையும். பனிக்காலத்தில் வந்திறங்கும் பூநாரைகள். பழவேற்காட்டில் 1613இல் டச்சுக்காரர் கட்டிய கெல்திரியாக் கோட்டையின் மிச்சமும், எலும்புக்கூடு செதுக்கிய அவர்களது கல்லறைத் தோட்டத்து வாசலும். ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து 1971 முதல் ராக்கெட்டுகள் கிளம்புகின்றன. ஏவும் நாளில் கடலுக்குப் போகாதே என்ற எச்சரிக்கை. பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, சேற்றில் கைகளால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள்.

இவற்றுள் ஒன்றைச் சரியான இடத்தில் வைத்தாலே போதும். வாசகர் காலில் சேறு ஒட்டும். எல்லாவற்றையும் ஒரே கதையில் கொட்டினால் அது பூகோளப் பாடம் ஆகிவிடும்.

5. நோக்குநிலை

கதையை யார் கண்ணால் பார்ப்பது? இதுவே எழுதுபவர் செய்யும் முதல் தேர்வு. சங்க அகப்பாடல்களில் தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று வகுத்திருப்பதைப் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். ஒரே நிகழ்ச்சி, பேசுபவர் மாறினால் வேறு பாட்டாகிறது. நோக்குநிலை என்பது அதுவே.

நம் கதையை அப்பா சொன்னால் தற்பெருமை ஆகலாம். அம்மா சொன்னால் காத்திருத்தலின் கதை. மாட்டிக்கொண்ட படகுக்காரர் சொன்னால் வெட்கத்தின் கதை. மகள் சொன்னால் கோபமும் பெருமையும் கலந்த கதை. அவளுக்கு முகத்துவாரத்தில் நடந்தது தெரியாது, நமக்கும் தெரியாது, அவளோடு சேர்ந்து நாமும் காத்திருப்போம்.

மனிதர்தான் சொல்ல வேண்டும் என்பதும் இல்லை. தமிழின் முதல் சிறுகதை என்று பலரும் குறிப்பிடும் வ. வே. சு. ஐயரின் "குளத்தங்கரை அரசமரம்" 1915இல் வெளிவந்தது. ருக்மிணி என்ற இளம்பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையைக் குளக்கரையில் நிற்கும் அரசமரமே சொல்கிறது. மரத்தால் எல்லாவற்றையும் பார்க்க முடியும். ஓடிப்போய்த் தடுக்க முடியாது. அந்த இயலாமையே படிப்பவர் நெஞ்சை அழுத்துகிறது.

6. உரையாடல்

மேசையில் இருந்த கதைகளில் குப்பத்து மனிதரும் மேடைப் பேச்சாளர்போல் பேசினார்கள். நம் கதையில் அம்மா கோபிக்கிறாள். அப்பா விடை சொல்கிறார். இரண்டு விதமாக எழுதிப் பார்ப்போம்.

முதல் விதம்: "மனித உயிர் விலைமதிப்பற்றது. ஆகவே நான் என் முறையைத் தியாகம் செய்தேன்."

இரண்டாம் விதம்: "பாடு போச்சேய்யா!" "அடுத்த மொற வரும். ஆளு போனா வருமா?"

இரண்டாவது சின்னது. ஆனால் அதில் அந்த மனிதரின் குரல் கேட்கிறது. பேச்சு வழக்கு இழிந்தது என்று எண்ண வேண்டாம். கதை சொல்பவர் நல்ல தமிழில் எழுதட்டும். பாத்திரங்கள் அவரவர் தமிழில் பேசட்டும். பேசாமல் விடுவதும் உரையாடலே. மகள் ஒரு சொல்லும் சொல்லாமல், பரீட்சைக்கென்று வாங்கிய புதுப் பேனாவின் மூடியைத் திருகித் திருகி மூடுகிறாள் என்று எழுதினால் அதுவும் பேச்சுத்தான்.

7. சில உத்திகள்

உறுப்புகள் உடல் என்றால் உத்திகள் அணிகலன். அளவோடு அணிந்தால் அழகு. நான்கை மட்டும் காண்போம்.

(அ) பின்னோக்கு: காலையிலிருந்து தொடங்காமல், அம்மா இருட்டில் கரையில் நிற்கும் இடத்தில் தொடங்கி, காலையில் நடந்ததை இடையிடையே நினைவாகச் சொல்வது.

(ஆ) முன்குறிப்பு: பின்னால் வரப்போவதை முன்னால் சாடையாக விதைப்பது. நம் தமிழுக்குத் தொண்டாற்றிய வீரமாமுனிவர் (1680–1747) எழுதிய "பரமார்த்த குருவின் கதை"யைப் பாருங்கள். இருக்கை குளிர்ந்தால் மரணம் என்று குருவுக்கு ஒருவன் சொல்லிவைக்கிறான். நாம் சிரித்துவிட்டு மறந்துபோகிறோம். கதை முடியும் நேரத்தில் அந்தச் சொல் திரும்பி வந்து நிற்கிறது.

(இ) நகைமுரண்: பாத்திரத்துக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்திருப்பது. அதே கதையில் ஆறு தூங்குகிறதா என்று பார்க்கச் சீடன் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைக்கிறான். சீறல் கேட்டு, ஆறு விழித்திருக்கிறது என்று அஞ்சி ஓடுகிறான். தன்னை விட்டுவிட்டு மற்றவரை எண்ணி, ஒருவர் குறைகிறார் என்று அழுகிறார்கள். சிரிக்கும்போதே, நாமும் பிறர் குறையை எண்ணும்போது நம்மை விட்டுவிட்டுத்தானே எண்ணுகிறோம் என்று உறைக்கிறது.

(ஈ) குறியீடு: ஒரு பொருளோ சொல்லோ தன்னைவிடப் பெரியதைக் காட்டி நிற்பது. நம் கதையில் "பாடு" என்ற சொல்லைப் பாருங்கள். ஏரியில் அது மீன்பிடி முறை. வீட்டில் அது உழைப்பும் துன்பமும், "பாடுபட்டோம்" என்கிறோம். கோவிலில் தவக்காலத்தில் நாம் தியானிப்பது ஆண்டவருடைய பாடுகளை. பிறனுக்காகத் தன் பாட்டை இழந்தவரின் கதையில் இந்த மூன்றும் ஒரே சொல்லில் ஒலிக்கும். இதை வாசகருக்கு விளக்கிவிடாதீர்கள். சொல்லை வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்; மணி தானே ஒலிக்கும்.

8. விரிவும் முடிவும்

எங்கே விரிப்பது, எங்கே சுருக்குவது என்பதை ஊதாரி மகன் உவமையில் கற்கலாம் (லூக்காஸ் 15). இளைய மகன் தூரதேசத்தில் சொத்தை அழித்தது ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. ஆனால் அவன் திரும்பி வரும்போது தந்தை தொலைவிலேயே கண்டு ஓடுவதும், கட்டித் தழுவுவதும், ஆடையும் மோதிரமும் காலணியும் ஒவ்வொன்றாக வருகின்றன. பாவத்தைச் சுருக்கி, மன்னிப்பை விரித்துச் சொன்ன கதை அது.

அதன் முடிவையும் கவனியுங்கள். கோபித்த மூத்த மகன் வெளியே நிற்கிறான். தந்தை வந்து வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே போனானா? சொல்லப்படவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களே அந்த மூத்த மகனாக நின்று தீர்மானிக்கும்படி கதை அங்கேயே நிற்கிறது.

நம் கதைக்கு முடிவு என்ன? அப்பாவுக்கு ஆயிரம் ரூபாய்ப் பரிசு கிடைத்தது என்று முடித்தால், நன்மை செய்வது வியாபாரம் ஆகிவிடும். மகள் மனம் திருந்தி, "அப்பா, நீங்கள் தெய்வம்!" என்று காலில் விழுந்தால் யாரும் நம்பார். எங்களுக்குத் தோன்றியது இது: இரவு. திட்டிய அந்த மனிதர், அடிபட்ட காலை இழுத்துக்கொண்டு வந்து, ஒன்றும் பேசாமல் ஒரு பறி மடவை மீனைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போகிறார். குழம்பு கொதிக்கிறது. அப்பா "சாப்பிட வாம்மா" என்று கூப்பிடுகிறார். மகள் வாசலில் நிற்கிறாள். அங்கே கதையை நிறுத்திவிடலாம். அவள் உள்ளே போவாளா என்பதை வாசகர் தம் மனத்தைக் கேட்டுச் சொல்லட்டும்.

அந்த மாணவிக்கு விடை

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். பக்கத்து வீட்டு அக்காவின் துயரத்தை எழுதலாமா?

அகப்பாடல்களுக்கு ஒரு கட்டாய மரபு உண்டு. தலைவன், தலைவியின் இயற்பெயரைச் சொல்லலாகாது. பெயர் சொன்னால் அது அகம் ஆகாது. அந்தரங்கத்தைப் பாடுபவர் ஆளைக் காட்டிக்கொடுத்தலாகாது என்ற பெரும் பண்பு அதில் இருக்கிறது. நல்ல சமாரியன் உவமையிலும் (லூக்காஸ் 10) அடிபட்டுக் கிடந்தவனுக்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாததால்தான் அவன் நம் எல்லாருக்கும் அயலான் ஆனான்.

ஆகவே மகளே, பெயரை மாற்று. தெருவை மாற்று. அக்காவை அண்ணியாக்கு; மூன்று பிள்ளைகளை ஒரு பிள்ளையாக்கு. இது பொய் ஆகாது, அன்பின் மறைப்பு. ஆனால் அவள் பட்ட துயரத்தை மாற்றாதே. அதை அழகுபடுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம், கனவாக்கிக் கலைக்கவும் வேண்டாம். பொய் புகுவது அங்கேதான். எழுதி முடித்த பிறகு ஒன்று கேட்டுக்கொள்: அந்த அக்கா இதைப் படித்தால், "என்னை விற்றுவிட்டாள்" என்பாளா, "என்னைப் புரிந்துகொண்டாள்" என்பாளா? முதலாவது என்றால் கிழித்துவிடு. இரண்டாவது என்றால் கொண்டு வா.

நம் ஏரியின் கதையை யார் எழுதுவது?

தமிழின் முதல் நாவலாகிய "பிரதாப முதலியார் சரித்திரம்" 1879இல் அச்சேறியது. எழுதியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை, ஒரு கத்தோலிக்கர், பெண்கல்விக்காகவும் எழுதியவர். அதில் வரும் ஞானாம்பாள் ஆண் வேடத்தில் ஒரு நாட்டையே ஆள்கிறாள். பின்னர் கடற்கரை மக்களின் கதைகளும் வந்தன. தகழி சிவசங்கரப் பிள்ளை மலையாளத்தில் 1956இல் எழுதிய "செம்மீன்" சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பால் தமிழுக்கு வந்தது. உவரியில் பிறந்த ஜோ டி குருஸ் "ஆழி சூழ் உலகு" (2004), "கொற்கை" (2009) ஆகிய நாவல்களில் தம் மக்களின் வாழ்வைத் தம் மக்களின் மொழியிலேயே எழுதினார். "கொற்கை"க்கு 2013இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

தென்கடற்கரைக்கு எழுத ஆள் கிடைத்தது. நம் ஏரிக்கு? காட்டுப்பள்ளிக் குப்பம் முன்பு இருந்த இடத்தில் இன்று இல்லை. கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் எழுந்தபோது அது இடம் பெயர்ந்தது. பழைய குப்பத்தில் எந்த வீட்டு வாசலில் எந்த மரம் நின்றது என்பது இன்று ஆயாக்களின் நினைவில்தான் இருக்கிறது. ஆயாக்கள் என்றும் இருக்கமாட்டார்கள். வரைபடம் இடத்தைக் காட்டும். அங்கே மனிதர் எப்படிக் காத்திருந்தார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்பதைக் கதைதான் காக்கும். பெற்றோரே, உங்கள் பெண் இரவில் உட்கார்ந்து கதை எழுதினால் விளக்கை அணைத்துவிடாதீர்கள். அவள் உங்கள் தாயின் குரலைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

பயிற்சி

1. உங்கள் ஆயாவிடம் ஒரு மாலை உட்கார்ந்து, அவர் சிறுமியாக இருந்தபோது நடந்த ஒன்றைக் கேட்டு, அவர் பேசியபடியே பத்து வரி எழுதுக.

2. மேலே சொன்ன படகுக் கதையை அம்மாவின் கண்ணால் ஒரு முறையும், முகத்துவாரத்து மணல் சொல்வதாக ஒரு முறையும் எழுதுக.

3. "அழகிய", "மிகவும்", "திடீரென்று" என்ற மூன்று சொற்களும் இல்லாமல் ஒரு பக்கக் கதை எழுதுக.

4. ஒருவர் கோபமாக இருப்பதைக் கோபம் என்ற சொல்லே வராமல் காட்டுக.

மடித்த தாளோடு வந்த அந்த மாணவி தன் கதையை இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறாள். இந்த மலருக்குள் அது வரவில்லை. நாங்கள் அவசரப்படுத்தவும் இல்லை. நல்ல வலையை முடிய நாள் பிடிக்கும். அடுத்த ஆண்டு மேசையில் நாங்கள் முதலில் தேடப்போவது அந்தத் தாளைத்தான்.